கடையில் நத்தார் பாப்பா வேலை: போகலாமா?

நவம்பர் 15, மாலை (கேள்வி)

ஆரையம்பதியில் இருந்து எழுதுகிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடையில் டிசம்பர் 10 தொடக்கம் நத்தார் வரை பாப்பா (கிறிஸ்மஸ் தாத்தா) வேடத்தில் வாசலில் நிற்கக் கேட்கிறார்கள். ஊரில் வடமோடிக் கூத்து ஆடியிருக்கிறேன், வேடம் கட்டுவது எனக்குப் புதிதல்ல. எவ்வளவு கூலி கேட்கலாம்? இன்னொன்று, நான் சைவம். வீட்டில் அம்மம்மா, "நமக்கென்னத்துக்கு மனே அந்த வேலை" என்கிறா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 15, இரவு (பதில்)

போங்கள் தம்பி. ஆனால் வாசலில் நிற்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே, சிறுவர் உடுப்புப் பக்கத்தில் ஒரு கதிரை கேளுங்கள். மணியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பாப்பா விளம்பரப் பலகைக்குச் சமம். பிள்ளை தாயின் கையைப் பிடித்தபடி கடந்து போய்விடும், அதோடு முடிந்தது. டிசம்பர் மழையில் சாரலும் சேறும் உங்கள் உடுப்பில்தான் வந்து சேரும். உட்கார்ந்திருக்கும் பாப்பாவிடம்தான் பிள்ளை கிட்ட வரும், ஏனென்றால் முகமும் முகமும் ஒரே உயரத்தில் இருக்கும்.

முதலாளி மறுத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கடைக்குள் பாப்பா வரும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்று சொல்லப்படுபவர் ஜேம்ஸ் எட்கார். 1890இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிரொக்டன் என்ற ஊரில் புடவைக்கடை வைத்திருந்தார். ஆளை வைத்து மணி அடிக்கவில்லை. முதலாளியே உடுப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பிள்ளைகளோடு கதைத்தார். பக்கத்து நகரங்களில் இருந்து ரயில் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வியாபாரமும் நடந்தது, பிள்ளையும் சந்தோசப்பட்டது. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

கூலி: உங்கள் ஊரில் ஒரு மேசன் நாளுக்கு எவ்வளவு வாங்குகிறாரோ அதற்குக் குறைய வாங்காதீர்கள். மதியச் சாப்பாடும் பஸ் காசும் அவர்கள் பாடு. பாதியை முதலே வாங்கிவிடுங்கள். ஒரு கடையில் நத்தார் முடிந்தபின் தருகிறோம் என்றார்கள். பொங்கல் வந்த பிறகும் நான் நடந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 16

உடுப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் தாண்டவன்வெளிப் பக்கம் தையல்கடை வைத்திருப்பவன், ஆதலால் இதை நிறையச் சொல்வேன்.

கடையில் பொதியாக விற்கும் வெல்வெட் உடுப்பை வாங்காதீர்கள். அது பனி பெய்யும் ஊருக்கு ஆனது. நம் ஊரில் மழைக்காலத்திலும் புழுக்கம் விடாது, வெல்வெட் வியர்வையை உள்ளே அடைத்து வைத்துக்கொள்ளும். பருத்தி கலந்த சிவப்புத் துணி எடுங்கள். கைக்குழியின் கீழே ஒரு சாண் அளவுக்கு வலைத்துணி வைத்துத் தைத்தால் காற்று போகும், கையைத் தூக்கினாலும் வெளியில் தெரியாது. வெள்ளை உரோமத் துணியைக் கைவிளிம்பில் நிரந்தரமாகத் தைக்க வேண்டாம். பிரஸ் பட்டன் போட்டுக் கழற்றும்படி வையுங்கள். கேக் ஐசிங், டொபி, அழுகிற பிள்ளையின் மூக்கு, எல்லாம் முதலில் படுவது அங்கேதான். இரண்டு சோடி இருந்தால் மத்தியானம் மாற்றலாம்.

வயிற்றுக்குத் தலையணை கட்டுவது பழைய முறை. பஞ்சு வியர்வையைக் குடித்துக் கனத்துப் போகும். மெல்லிய ஸ்பொஞ்சில் துளை போட்டு, கையில்லாத பெனியனின் முன்பக்கத்தில் தையுங்கள். சப்பாத்துக்குப் பதில் கறுப்பு ரெக்சினில் முழங்கால் வரை உறை தைத்து, சாதாரணச் செருப்புக்கு மேல் மாட்டினால் போதும்.

தாடியில்தான் அதிகம் கவனம் வேண்டும். வாங்குகிற தாடியில் மீசை வாயை மூடிக்கொண்டிருக்கும். கத்தரிக்கோலை எடுத்து மேலுதடு தெரியும் வரை வெட்டுங்கள். சிரிக்கிற வாய் தெரியாவிட்டால் பிள்ளைக்குப் பயம் போகாது. காதில் மாட்டும் இலாஸ்டிக்கை நம்பாதீர்கள். கூத்துக்காரர் மீசை ஒட்டுகிற பசை உங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரிடம் இருக்கும், கேளுங்கள்.

நவம்பர் 16, பின்னேரம்

ஒருவர், சிவப்பு உடுப்பே கொக்காகோலாக் கம்பனி கண்டுபிடித்ததுதான் என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஹட்டன் சண்ட்புளம் அந்தக் கம்பனிக்காகப் படம் வரையத் தொடங்கியது 1931இல். அதற்கு முன்பே சிவப்பு உடுப்புப் படங்கள் அச்சில் வந்துவிட்டன. தொப்பையும் தாடியும் தோமஸ் நாஸ்ட் 1863 தொடக்கம் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வரைந்துகொண்டு வந்தவை. கம்பனி செய்தது அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சரி, இது போதும்.

நவம்பர் 18

சைவப் பிள்ளை இந்த வேடம் கட்டலாமா என்பதற்கு வருகிறேன். நான் கத்தோலிக்கன், என் பதிலை அப்படியே வைத்துப் படியுங்கள்.

இந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பவர் புனித நிக்கலஸ். இன்றைய துருக்கியில், அன்று மீரா என்று சொன்ன ஊரின் ஆயர். நான்காம் நூற்றாண்டு ஆள். திருநாள் டிசம்பர் 6. அவரைப் பற்றி வழிவழியாக வரும் கதை இது. ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று குமர்ப்பிள்ளைகள். சீதனம் இல்லாததால் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையே கெட்டுப்போகிற நிலை. நிக்கலஸ் இரவில் வந்து யன்னல் வழியாகப் பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். இந்தக் கதையை உங்கள் அம்மம்மாவுக்குச் சொல்லுங்கள் தம்பி. மூத்த பெண்ணுக்கு வீட்டை எழுதிவிட்டு அடுத்தவளுக்கு வீடு கட்ட வழிதேடி அலையும் தாய் தகப்பன் இல்லாத தெரு மட்டக்களப்பில் இல்லை. யாரும் அவவுக்கு விளங்கப்படுத்த வேண்டி வராது.

இரவில் ஏன் வந்தார் என்பதைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். தகப்பன் வெட்கப்படக் கூடாது என்பதற்காக. இந்த வேலையில் நான் பிடித்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் துணியும் பசையும்.

நத்தாரை ஒட்டி நடக்கும் ஒளி விழாவில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள் பாடுகிற பாலர் பாடசாலைகளுக்கு நான் போகிறேன். கல்முனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் இருந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டுகிற நேரம் எனக்கு ஓய்வு. அவர் எனக்கென்று தனியாகப் புரியாணி எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார்.

நவம்பர் 19

அம்மம்மா சம்மதித்துவிட்டா என்று தம்பி எழுதியிருக்கிறார். "பொன் போட்ட ஆள் எண்டா நல்ல ஆள்தான், போ" என்றாவாம்.

நவம்பர் 23

களுவாஞ்சிகுடியில் பாலர் பாடசாலை நடத்தும் அக்கா முகமூடியைப் பற்றிக் கேட்டிருக்கிறா. கரோல் குழுக்களோடு வரும் பாப்பா பிளாஸ்டிக் முகமூடி போட்டு ஆடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. பெரியவர்களுக்கு அது பழக்கம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அசையாத கண்ணும் அசையாத வாயும் உள்ள ஒரு முகம். கத்தி அழாமல் என்ன செய்யும்? முகமூடி வேண்டாம் அக்கா. உள்ளே வரும்போதே தாடியோடு வராமல், தாடியைக் கையில் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற பாப்பாவும் உண்டு. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு நானும் அப்படிச் செய்வேன். மாயம் குறையும் என்று சிலர் சொல்வார்கள், குறைவதில்லை. "தாடிய இன்னும் கொஞ்சம் மேல ஒட்டு" என்று சொல்லித் தருவதே அதுகள்தான்.

முகமூடியைப் பற்றி இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். முதுகில் பையோடு வந்தவன். ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். அந்த டிசம்பரில் ஒரு ஒளி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பாப்பா என்றால் தோளில் மூட்டை வேண்டும். மூட்டையோடு எப்படி ஒரு கோயில் வளவுக்குள் நுழைவது? வாசலில் நின்ற பொலிஸ்காரர் கேட்பதற்கு முன்பே மூட்டையைத் தரையில் வைத்து வாயை அவிழ்த்துக் காட்டினேன். தாடி ஒட்டாமல், என் சொந்த முகத்தோடு. அவர் ஒவ்வொரு பொதியாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கித் தந்தார். கிறுகிப் பார்த்தால் தாய்மார் எல்லாரும் மூட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்றிலிருந்து நான் மூட்டை தூக்குவதில்லை. திறந்த பனையோலைக் கடகத்தில் பரிசுகளை வைத்து, சிவப்புத் துணி சுற்றி, இருவர் பிடித்து வருகிறோம். உள்ளே இருப்பது தூரத்திலேயே தெரியும். உங்கள் பாடசாலைக்கும் கடகமே நல்லது.

நவம்பர் 30

தொண்டு நிகழ்ச்சிகளுக்குக் காசு வாங்குவதா என்று இப்போது ஒரு சண்டை கிளம்பியிருக்கிறது. நான் வாங்குவதில்லை. கடையில் உழைக்கிறோம், அது வியாபாரம். சிறுவர் இல்லத்துக்கும் படுவான்கரைப் பாலர் பாடசாலைக்கும் கூலி கேட்க எனக்கு மனம் வராது.

ஒருமுறை குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) போனேன். அக்கரையில் ஓட்டோ காத்திருந்தது, இறங்கி உடுப்பு மாற்ற இடமில்லை என்று சொன்னார்கள், அதனால் முழு வேடத்தோடு ஏறினேன். சுற்றிவர மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டி, கோயிலுக்குப் போகும் ஆட்கள். நடு வாவியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி தன் வெற்றிலைப் பையைக் கொட்டி மடியில் முடிந்துகொண்டு அந்தப் பொலித்தீன் பையை என்னிடம் நீட்டினா. "தொப்பி நனைஞ்சா புள்ளையளுக்கு முன்னால நல்லா இரிக்காது, போடு மனே." அந்த ஒரு பிரயாணத்துக்கே நான் காசு கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 2

மேலே எழுதியதைத் திரும்ப யோசித்தேன். அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் கேட்டது நியாயம்: "நீங்கள் இலவசமாகப் போனால், இதை நம்பி டிசம்பரில் பிழைக்கிற ஆளை யார் கூப்பிடுவார்கள்?" எனக்குத் தையல்கடை இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆகவே இப்போது என் நிலை இது. கோயில் பங்கும் ஊரும் சேர்ந்து காசு போட்டு நடத்துவது என்றால் இலவசம். வெளிநாட்டுக் காசில், மேடை, ஒலிபெருக்கி, பதாகை எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் என்றால் பாப்பாவுக்கும் கணக்கில் இடம் இருக்க வேண்டும். பந்தல்காரர் இலவசமாக வருவதில்லை.

டிசம்பர் 7

இதை எழுதலாமா விடலாமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

போன கிழமை ஒரு பரிசளிப்பு. யார் நடத்தினார்கள், எந்த ஊர் என்பது வேண்டாம். வெள்ளத்தில் நனைந்த கிராமம். ஒவ்வொரு பிள்ளையும் மேடை ஏற வேண்டும், என்னிடம் பொதியை வாங்க வேண்டும், நன்கொடையாளரின் பெயர் எழுதிய பதாகைக்கு முன்னால் கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு பொடியன் சிரிக்கவில்லை. படம் சரிவரவில்லை என்று அவன் கையில் இருந்த பொதியைத் திரும்ப வாங்கி, இரண்டாம் முறை கொடுக்கச் சொன்னார்கள். அவனுக்கு ஏழு, எட்டு வயது இருக்கும். பொதியைத் திரும்பக் கேட்டதும் அவன் தன்னிடம் இருந்து பறிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான்.

நான் எழும்பி அவனுக்கும் கமராவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "படம் எடுத்தது காணும், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்றேன். ஒருங்கிணைப்பாளருக்கு முகம் கறுத்துவிட்டது. பரவாயில்லை.

தம்பி, நிக்கலஸ் இரவில் வந்தவர். கொடுக்கிறவனின் பெயர் தெரிய வேண்டும், வாங்குகிற பிள்ளையின் முகம் தெரிய வேண்டும் என்றால் அதற்குப் பாப்பா தேவையில்லை. இனிமேல் என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் முதலே கேட்கப்போகிறேன்: பிள்ளையின் முகம் தெரியப் படம் எடுப்பீர்களா? எடுத்தால் எங்கே போடுவீர்கள்? நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கும். பொதிகளைப் படம் எடுங்கள், கூட்டத்தைப் பின்னால் இருந்து எடுங்கள், பற்றுச்சீட்டை அனுப்புங்கள்.

இன்னொன்று. பரிசெல்லாம் ஒரே பெறுமதியாக இருக்க வேண்டும். ஒருவனுக்குக் கிரிக்கெட் பற், மற்றவனுக்குக் கொப்பி என்றால் பொதியைப் பிரித்த அந்த நிமிடமே அங்கு ஒரு பிள்ளை அழும். ஐந்தாறு பொதி மேலதிகமாகவும் வேண்டும். பட்டியலில் இல்லாத தம்பி தங்கச்சிமார் எப்போதும் வருவார்கள்.

டிசம்பர் 12

தம்பி கடையில் தொடங்கிவிட்டார், கதிரையும் கொடுத்துவிட்டார்களாம். பிள்ளைகள் கேட்கிறதுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறார்.

ஒன்றே ஒன்று: வாக்குக் கொடுக்காதீர்கள். "சைக்கிள் கொண்டு வாறன்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போவீர்கள். நத்தார் விடிய சைக்கிள் இல்லாத வீட்டில் அந்தத் தாய்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். கேளுங்கள். என்ன நிறம், யாரை ஏற்றிக்கொண்டு போவாய், எங்கே நிறுத்துவாய் என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தன் ஆசையைச் சொல்ல ஒரு பெரிய ஆள் கிடைத்ததே பாதி.

இலகுவான கேள்விகள் பற்றும் பந்தும். கஷ்டமானது வேறு. நம் பக்கம் எத்தனை வீட்டில் தாயோ தகப்பனோ வெளிநாட்டில். ஒரு பிள்ளை, செங்கலடிப் பக்கம், என் மடியில் ஏறவில்லை, கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மாவ குவைத்தில இருந்து கூட்டி வா" என்றாள். கூட வந்த பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா.

வருவா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வரமாட்டா என்றும் சொல்ல முடியாது. "அத என்ட கடகத்துல கொண்டு வர ஏலாது மகள்" என்றேன். "அம்மா உனக்கு என்ன ஆக்கித் தருவா?" கொஞ்சம் யோசித்தாள். பிட்டும் மீன் சொதியும். சொதிக்குத் தேசிக்காய் எப்போது விடுவா, அடுப்பில் வைத்தா, இறக்கின பிறகா? இறக்கின பிறகுதான், இல்லாவிட்டால் கைத்துப் போகும் என்று எனக்குக் கையை ஆட்டி விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு அம்மா தலை பின்னுவது, அம்மா பஸ்ஸில் நித்திரை கொள்வது என்று நிறுத்தாமல் கதைத்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. நான் அவசரப்படுத்தவில்லை. கடைக்காரர் கூப்பிட்டாலும் அந்த நேரத்தில் எழும்பாதீர்கள் தம்பி.

டிசம்பர் 13

லண்டனில் இருந்து எழுதும் அண்ணன் இதற்கெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது. சார்ள்ஸ் ஹவர்ட் என்பவர் 1937இல் நியூயோர்க் மாநிலத்தில் அல்பியன் என்ற ஊரில் தொடங்கினார். இப்போது மிச்சிகனில் மிட்லண்ட் நகரில் நடக்கிறது. நமக்கு அண்ணாவியார் இருக்கிறார். கூத்துக் களரியில் நிற்கும்போது வேடத்தை விட்டு இறங்காதே என்று அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் தம்பி கடையில் செய்கிறார். கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடினவனுக்கு இந்த உடுப்பு ஒரு பாரமா?

டிசம்பர் 14

பிள்ளையின் பெயரை முன்கூட்டியே தாயிடம் கேட்டு, பாப்பாவுக்குத் தானாகத் தெரிந்ததுபோலக் கூப்பிடும் வித்தையை ஒருவர் எழுதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு நல்லது, கண் விரிந்துவிடும். ஒன்பது, பத்து வயதுக்கு வேண்டாம் என்பேன். அந்த வயதில் யார் சொல்லிக் கொடுத்தது என்று தேடத் தொடங்கும், கூடவே தங்கச்சிக்கும் சொல்லிவிடும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "பரிசு கொடுக்க உதவி செய்" என்று கடகத்தைக் கையில் கொடுங்கள். இரகசியத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல ஆள் கிடையாது.

டிசம்பர் 22

நேற்று ஐந்து இடம். தொண்டை இல்லை. பிறகு எழுதுகிறேன்.

டிசம்பர் 26, இரவு

இன்றைக்கும் வரச் சொல்லி ஒரு கடை கேட்டதாம், போகவா என்று தம்பி நேற்று இரவு கேட்டிருந்தார். காலையில்தான் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே மறுத்துவிட்டார். சரியாகச் செய்தீர்கள்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக: நான் 26ஆம் திகதி அந்த உடுப்பைத் தொடுவதில்லை. 2004இல் நத்தார் முடிந்த மறுநாள் காலை சுனாமி வந்தது. நாவலடி, டச்பார், திருச்செந்தூர், கல்லடி, அந்தப் பக்கம் தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வரை. முதல் நாள் போட்ட புது உடுப்போடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் சிலது என் மெஷினில் தைத்தவை. காலை 9.25க்கு இரண்டு நிமிட மௌனம். நாவலடிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலைக்கழிவு புதுவருடம் வரை போகட்டும், பாட்டையும் பாப்பாவையும் 25ஆம் திகதியோடு நிறுத்துங்கள். கேட்டால் நிறுத்துவார்கள். நம் ஊர் முதலாளிமாருக்கும் அந்த நாளில் ஆட்கள் போயிருக்கிறார்கள்.

ஜனவரி 6

தம்பிக்கு முழுக் கூலியும் கிடைத்துவிட்டது. அடுத்த டிசம்பருக்கும் அதே கதிரை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அம்மம்மா கடைக்கே வந்து வரிசையில் நின்று பார்த்தாவாம், டொபியும் வாங்கிக்கொண்டு போனாவாம்.

உடுப்பை அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். தாடியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு அலசி, பிழியாமல் துவாயில் உருட்டி, நிழலில் காய விடுங்கள். காயும்போது அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே வாருங்கள், வேரில் இருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். ஸ்பொஞ்சுப் பெனியனை வெயிலில் போடலாம். உரோமத் துணியை வெயிலில் போட்டால் மஞ்சள் பிடிக்கும். பசை ஒட்டின இடத்தில் தோல் உரிந்தால் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

வெல்லாவெளிப் பக்கம் பாலர் பாடசாலைகள் சேர்ந்து பொதுவாக ஒரு உடுப்பு தைக்கக் கேட்டிருக்கிறார்கள். தையல்கூலி வேண்டாம், துணி மட்டும் நீங்கள் எடுங்கள். அனுப்பிய அளவில் தோள் அளவு இல்லை. போடப்போகிற ஆட்களில் பெரியவரின் தோளை அளந்து அனுப்புங்கள், மற்றவர்களுக்கு இடுப்புப் பட்டியில் சரிசெய்யலாம்.